ரோஸ் பூச்சி வெளுத்துவிட்டதே, என் தவறா?

கேள்வி: ஐயா, நாங்கள் ஈப்போவில் இருக்கிறோம். என் மகனுக்குப் பதினோரு வயது. நான்கு மாதத்துக்கு முன் அவன் ஆசைப்பட்டான் என்று ஒரு ஆர்க்கிட் கும்பிடுபூச்சி வாங்கிக் கொடுத்தேன். அப்போது விரல் நகத்தளவுதான் இருந்தது, பூ இதழ் மாதிரி நல்ல ரோஸ் நிறம். அதன் பிறகு நான்கு முறை தோல் உரித்துவிட்டது. இப்போது நாலரை சென்டிமீட்டர் இருக்கும், ஆனால் ரோஸ் போய் வெள்ளையாகிவிட்டது. போன வாரத்திலிருந்து ஓரங்களில் லேசாகப் பழுப்பும் தெரிகிறது. இரவில் கண் இரண்டும் கறுத்துப்போகின்றன. வால் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி இருக்கிறது, அது அழுகலோ என்று பயமாக உள்ளது. ரோஸ் துணி விரித்து, ரோஸ் விளக்குப் போட்டு, பீட்ரூட் சாறு குடித்த ஈக்களைக் கொடுத்தால் நிறம் திரும்பும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். போன வாரம் வேறொருவரிடம் மூன்று குஞ்சுகளும் வாங்கினோம். அவை சிவப்பும் கறுப்புமாக எறும்பு மாதிரி இருக்கின்றன. ஏமாந்துவிட்டோமா? மகன் தினமும் அழுகிறான். பெரியது ஐந்து நாளாகச் சாப்பிடவும் இல்லை, முதுகில் இரண்டு பக்கமும் உப்பினாற்போல் இருக்கிறது. எல்லாவற்றையும் மகனின் ஏசி அறையில், முறுக்குப் போட்டு வைக்கும் சிவப்பு மூடி டப்பாக்களில்தான் வைத்திருக்கிறோம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளுக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

ஐந்து நாளாகச் சாப்பிடவில்லை, முதுகின் இரு பக்கமும் உப்பியிருக்கிறது என்றால் அது நோய் இல்லை. உப்பியிருப்பவை சிறகு மொட்டுகள். உங்கள் பூச்சி கடைசி முறையாகத் தோலுரிக்கப் போகிறது. அடுத்த சில நாளில், பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ, தலைகீழாகத் தொங்கிப் பழைய தோலிலிருந்து நழுவி இறங்கும். நாலரை சென்டிமீட்டர் வளர்ந்திருப்பதால் அது பெண் என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த இனத்தில் ஆண் முழுதாக வளர்ந்தாலே மூன்று சென்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. பெண் ஆறு, ஏழு சென்டிமீட்டர் வரை போகும்.

இந்தக் கடைசித் தோலுரிப்பில்தான் வளர்ப்புப் பூச்சிகள் அதிகம் ஊனமாகின்றன. காரணம் பெரும்பாலும் டப்பாதான். முறுக்கு டப்பாவின் மூடி வழவழப்பானது, கால் நகம் பிடிக்காது. பாதி உரித்த நிலையில் பிடி நழுவிக் கீழே விழுந்தால் சிறகு மடங்கி அப்படியே இறுகிவிடும், கால் கோணிக்கொள்ளும். மூடியின் நடுவை வட்டமாக வெட்டி எடுத்துவிட்டுக் கொசுவலைத் துணியை இழுத்து ஒட்டுங்கள். டப்பாவின் உயரம் பூச்சியின் நீளத்தைப்போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும், கொஞ்சம் தாராளமாகவே பதினைந்து சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வையுங்கள். தொங்கும் இடத்துக்குக் கீழே எதுவும் இடிக்கக் கூடாது. பூச்சி இப்போதே தலைகீழாக அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தால் டப்பாவைத் தொடவே வேண்டாம், ஏசியை மட்டும் நிறுத்துங்கள். அப்படி இல்லையென்றால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

ஏசி அறை அதற்கு ஆகாது. இந்தப் பூச்சி உங்கள் மலேசியக் காட்டுக்கே சொந்தமானது. ஈப்போவின் சாதாரண வெக்கையும் ஈரக்காற்றும் அதற்குப் பிறந்த வீடு மாதிரி. 25 முதல் 30 டிகிரி, அறுபதிலிருந்து எண்பது சதவீத ஈரப்பதம், இவ்வளவுதான் அது கேட்பது. உங்கள் கூடத்தில் ஜன்னலோரம், நேர் வெயில் படாமல் வைத்தால் இரண்டும் தானாகக் கிடைத்துவிடும். ஏசி அந்த ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. காய்ந்த காற்றில் பழைய தோல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மாலையில் ஒரு முறை டப்பாவின் பக்கச் சுவரில் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள், பூச்சியின் மேல் வேண்டாம். உள்ளே உயிருள்ள ஈயோ வெட்டுக்கிளியோ இருந்தால் எடுத்துவிடுங்கள். தோலுரிக்கும் நேரத்தில் பூச்சியால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது, இரையே அதைக் கடித்துவிடும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தோலுரிக்கத் தொங்கிய ஒரு பெண் பூச்சியைப் படம் எடுக்க வெளிச்சம் போதவில்லை என்று டப்பாவை மேசைக்கு நகர்த்தினேன். அது விழுந்துவிட்டது. நான்கு சிறகும் சுருண்டுபோயின. அதன் பிறகு அது இருந்த நாள்வரை இடுக்கியால்தான் ஊட்டினேன். அந்த முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

சரி, இனி நிறம்.

முதலில் அந்த மூன்று குஞ்சுகள். நீங்கள் ஏமாறவில்லை, மகனிடம் உடனே சொல்லிவிடுங்கள். முட்டைக்கூட்டிலிருந்து வெளியே வரும் ஆர்க்கிட் கும்பிடுபூச்சி எல்லாமே அப்படித்தான் இருக்கும். செம்மஞ்சள் உடம்பு, கறுத்த தலை, கறுத்த கால். எறும்பளவே உள்ள ஒன்று வெள்ளையாகப் பூப்போல உட்கார்ந்தால் பூச்சிகள் ஏமாறாது. அவ்வளவு சின்னப் பூ எது? பறவையும் பல்லியும்தான் அதைப் பார்த்துவிடும். அந்த வயதில் அதற்கு இரையைக் கவர்வதைவிட இரையாகாமல் தப்புவதே பெரிது. ஆகவே கடித்தால் வலிக்கிற, வாயில் வைத்தால் கசக்கிற கொலைகார நாவாய்ப்பூச்சியின் வேஷத்தைப் போட்டுக்கொள்கிறது. அந்தச் சிவப்பைக் கண்டால் பறவை ஒதுங்கிப்போகும். இரண்டு வாரம் போல ஆகும். முதல் தோலை உரித்ததும் அதே குஞ்சு வெள்ளையாக, கால்களில் இதழ் முளைத்து வெளியே வரும். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் அலுக்கவில்லை. உங்கள் மகன் அதைப் பார்க்கப் போகிறான் என்பதில் எனக்கே சந்தோஷமாக இருக்கிறது.

அந்தச் சிவப்புக்கு என்ன காரணம் என்பதும் இப்போது ஓரளவு தெரிந்திருக்கிறது. 2023இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் சீன ஆய்வாளர்கள் இந்தப் பூச்சியின் முழு மரபணுத் தொகுப்பை வெளியிட்டார்கள். நிறத்துக்குப் பின்னால் இருக்கும் முக்கியமான பொருள் சாந்தோமாட்டின் என்ற நிறமி, அதை உண்டாக்குவதில் ஸ்கார்லெட் என்ற மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று அதில் காட்டினார்கள். இந்த நிறமிக்கு ஒரு விசேஷம் உண்டு. ஆக்சிஜனேற்றம் அடைந்த நிலையில் மஞ்சளாகவும் அதற்கு எதிரான நிலையில் சிவப்பாகவும் தெரியும். பொருள் ஒன்றேதான், வேதிநிலை மாறினால் நிறம் மாறிவிடுகிறது. செந்தட்டான் இளசாக இருக்கும்போது மஞ்சளாக இருந்து பிறகு சிவப்பதும் இதே வித்தைதான் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் கண்டறிந்தார்கள்.

பீட்ரூட் யோசனையை விட்டுவிடலாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். சாந்தோமாட்டினைப் பூச்சி உணவிலிருந்து சாயமாக எடுத்துக்கொள்வதில்லை. டிரிப்டோபன் என்ற அமினோ அமிலத்திலிருந்து தன் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கிறது. அந்த அமிலம் எந்த ஈயிலும் இருக்கிறது. அதற்குத் தேவை நன்றாகத் தின்ற கொழுத்த ஈ. அந்த ஈ எந்தச் சாற்றைக் குடித்தது என்பது அதற்குப் பொருட்டில்லை. ஈ பிடிப்பதில் கவனிக்க வேண்டியது வேறு. உங்கள் குடியிருப்பில் டெங்கிக்காகப் புகையடித்தால் ஒரு வாரத்துக்கு வெளியிலிருந்து பிடித்த ஈயைக் கொடுக்காதீர்கள், புகையடிக்கும் நேரத்தில் டப்பாக்களை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். கொசுவர்த்தியும் அப்படித்தான். கொசுவைக் கொல்லும் மருந்துக்குக் கும்பிடுபூச்சியும் ஒரு பூச்சிதானே. கால் வெடவெடவென்று நடுங்குகிறது, பிடி தளர்கிறது என்றால் பெரும்பாலும் இந்த மருந்துதான் காரணம். வாழைப்பழத் தோலைப் புட்டியில் போட்டு வைத்தால் வரும் பழ ஈக்கள் குஞ்சுகளுக்குப் போதும்.

பெரியது ஏன் வெளுத்தது என்பதற்கு வருகிறேன். பூச்சியின் நிறம் மாறுவதை நாம் ஒரே விஷயமாகப் பார்க்கிறோம், உண்மையில் அதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று தோலுரிப்புக் கணக்கு: சிவப்புக் குஞ்சு, பிறகு பூ நிற இளம்பூச்சி, பிறகு சிறகு முளைத்த வெளிர்நிறப் பெரிய பூச்சி. இது எல்லாப் பூச்சிக்கும் பொது, யாராலும் தடுக்க முடியாது. இன்னொன்று மெதுவாக, தோலுரிக்காமலே நடக்கும் மாற்றம். இளம் பருவத்தில் வெள்ளையிலிருந்து ரோஸுக்கும் ரோஸிலிருந்து வெள்ளைக்கும், சில சமயம் பழுப்பை நோக்கியும் நாள் கணக்கில் நகரும். நிறமி மேல்தோலில் பூசப்பட்டதில்லை, அதற்கு அடியில் உள்ள உயிருள்ள செல்களில் இருக்கிறது. அதனால்தான் சட்டையை மாற்றாமலே சாயம் மாறுகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பூவில் பதுங்கும் ஒரு நண்டுச் சிலந்தி இருக்கிறது. வெள்ளைப் பூவிலிருந்து மஞ்சள் பூவுக்கு மாறினால் அதுவும் மஞ்சளாகும், ஆனால் அதற்குப் பத்து முதல் இருபத்தைந்து நாள் பிடிக்கும். திரும்ப வெளுக்க ஆறு நாள் போதும். ஓணான் மாதிரி கண்ணெதிரே மாறும் வேகத்தை உங்கள் பூச்சியிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஆகவே ரோஸாக இருந்தது வெள்ளையானது இந்த இனத்தின் இயல்புக்குள் அடங்கியதுதான். கூடப் பிறந்தவை ஒரே வீட்டில் வளர்ந்தாலும் ஒன்று ரோஸாகவும் ஒன்று பால் வெள்ளையாகவும் இருப்பதுண்டு. ஓரத்தில் தெரியும் பழுப்பும் பயப்பட வேண்டியதில்லை. இந்தக் கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு அவள் பெரும்பாலும் வெண்மையும் சந்தன நிறமுமாகத்தான் இருப்பாள், வயது ஏற ஏறப் பழுப்பு கூடும். ரோஸ் நிறம் முக்கியமாக இளம் பருவத்துக்குரியது. விற்பவர்கள் அந்த வயதுப் படத்தைத்தான் காட்டுகிறார்கள், அதுவும் ரோஸ் விளக்கடியில் எடுத்து. அப்படி விற்பது எனக்குப் பிடிக்காது. வாங்குகிற பிள்ளைகள் வளர்ந்த பூச்சியைக் கெட்டுப்போன பூச்சியாக நினைத்துவிடுகிறார்கள்.

ரோஸ் துணி, ரோஸ் விளக்கு இரண்டும் வேண்டாம். விளக்கு டப்பாவைச் சூடாக்கிக் காய வைக்கும், அதன் வெளிச்சத்தில் உங்கள் கண்ணுக்குத்தான் பூச்சி ரோஸாகத் தெரியும். துணி கெடுதல் செய்யாது, ஆனால் அதற்காகப் பூச்சியை இடம் மாற்றி மாற்றித் தொந்தரவு செய்வது கெடுதல். அவள் வெள்ளையாக இருப்பதால் அவளுக்கு எந்தக் குறையும் இல்லை.

இதை விளக்க ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது, அதுவும் மலேசியக் காட்டில் நடந்தது. ஆஸ்திரேலியாவின் மெக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஒஹான்லன் குழு இந்தப் பூச்சியின் நிறத்தை அங்குள்ள காட்டுப் பூக்களோடு ஒப்பிட்டு 2014இல் முடிவுகளை வெளியிட்டது. தேனீ நம்மைப்போலப் பார்ப்பதில்லை. சிவப்பு அதற்குச் சரியாகத் தெரியாது, நமக்குத் தெரியாத புற ஊதா ஒளி அதற்குத் தெரியும். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்தப் பூச்சியின் நிறத்தைப் பதின்மூன்று வகைப் பூக்களின் நிறத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை. அதைவிட வியப்பானது, உயிருள்ள இளம்பூச்சியையும் அங்கே மிகுதியாகப் பூத்திருந்த ஒரு பூவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது பூச்சியைத்தான் அதிக வண்டும் தேனீயும் தேடி வந்தன. அந்தப் பூ அசிஸ்டேசியா. ரப்பர் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் களையாக மண்டுகிறதே, சின்ன வெள்ளைப் பூவோடு, அதுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது எஸ்டேட்டில் வேலை செய்திருந்தால் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள்.

பெயரில் ஆர்க்கிட் இருந்தாலும் இது எந்த ஆர்க்கிட்டையும் அப்படியே காப்பியடிக்கவில்லை. பொதுவாக ‘ஒரு பூ’ என்று தேனீ எதை நினைக்குமோ அதுவாக உட்கார்ந்திருக்கிறது. பூவுக்குள் ஒளிய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை, பச்சை இலைமேல் உட்கார்ந்தாலும் அதுவே பூவாகிவிடும். அதனால் டப்பாவில் பிளாஸ்டிக் ஆர்க்கிட் வைப்பது நம் கண்ணுக்கு அழகு, அவ்வளவே. பிடித்துத் தொங்கக் குச்சி இருக்கிறதா என்பதுதான் அவளுக்கு முக்கியம்.

வால் நுனிப் புள்ளிக்கு ஒரு பழைய கதை உண்டு. 1899–1900இல் ஸ்கீட் ஆய்வுக் குழுவோடு மலாய்த் தீபகற்பத்துக்கு வந்தவர் நெல்சன் அன்னன்டேல். பிற்பாடு இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையின் முதல் இயக்குநரானவர் இவர்தான். செண்டுடுக் செடியின் பூங்கொத்தில் ஓர் இளம்பூச்சியைப் பார்த்து எழுதி வைத்தார். உங்கள் ஊர்ப் பக்கம் சாலையோரப் புதர்களில் ஊதா ரோஸாகப் பூக்குமே, அந்தச் செண்டுடுக். பூச்சி பின்கால்களால் பூவைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் மெல்ல அசைந்தது. சின்ன ஈக்கள் வந்து அதன் மேலும் பக்கத்திலும் உட்கார்ந்தன. வயிற்று நுனியில் இருந்த கறுப்புப் புள்ளி ஏற்கெனவே ஓர் ஈ உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்ததே அவற்றை இழுத்தது என்று அவர் எண்ணினார். வீட்டு ஈயளவு பெரிய ஈ ஒன்று வந்து இறங்கியதும் பூச்சி அதைப் பிடித்துத் தின்றது. ஆகவே உங்கள் பூச்சியின் வாலில் இருப்பது அழுகல் இல்லை, அது அதன் பிறவி மச்சம்.

கண் கறுப்பதும் இயல்பே. பகலில் கண்ணின் நிறமி ஒளியைத் தடுக்கும்படி இருக்கும், இருட்டியதும் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடிக்கும்படி இடம் நகரும். அப்போது கண் முழுக்கக் கறுப்பாகத் தெரியும். காலையில் பாருங்கள், தெளிந்திருக்கும். பகலில் கண்ணுக்குள் ஒரு சின்னக் கறும்புள்ளி நாம் நகரும் பக்கமெல்லாம் திரும்புகிறதே, அது உண்மையான பாவை இல்லை. நம்மை நேராகப் பார்க்கும் கண்ணறைகள் ஒளியை விழுங்கிவிடுவதால் அந்த இடம் கறுப்பாகத் தெரிகிறது. ஆனால் ஒரே இடத்தில் நிலையாக, பகலிலும் மாறாமல் பழுப்புத் தழும்பு இருந்தால் அது வழவழப்பான பிளாஸ்டிக்கில் கண்ணை உரசிக்கொண்ட காயம். வலைத்துணி மூடியும் குச்சியும் வைத்தால் அதுவும் குறையும்.

எந்த நிறத்துக்குப் பயப்பட வேண்டும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் ஈரக் கசிவோடு கறுப்புத் திட்டு பரவினால், வாயிலிருந்து கரும்பழுப்பு நீர் வடிந்தால், கெட்ட வாடை வந்தால் அது நோய்த்தொற்று. உடனே டப்பாவைக் கழுவிக் காயவைத்து, காற்றோட்டத்தைக் கூட்டி, குஞ்சுகளிடமிருந்து அவளைத் தனியாக்குங்கள். கால் மூட்டில் குண்டூசித் தலை அளவு உலர்ந்த கறுப்புப் புள்ளி என்றால் அது ஆறிய புண். அப்புறம், அந்த மூன்று குஞ்சுகளையும் ஒரே டப்பாவில் வைத்திருந்தால் இன்றே பிரித்துவிடுங்கள். ஒன்றை ஒன்று தின்னும்.

பெரியவள் சட்டை உரித்து வெளியே வரச் சுமார் அரை மணி நேரம் ஆகும், சிறகு விரிந்து உலர இன்னும் சில மணி நேரம். அப்போது அவள் மிகவும் வெளிறி, ஈரக் காகிதம் மாதிரி இருப்பாள். அதைப் பார்த்து மகன் கலங்க வேண்டாம், ஒரு நாளில் நிறம் தெளியும். இரண்டு நாள் கழித்து ஈ கொடுங்கள். படம் எடுப்பதாக இருந்தால் எப்போதும் ஒரே ஜன்னலோரத்தில், காலை வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். மஞ்சள் பல்பின் கீழே எடுத்த படத்தை வைத்து நிறத்தை ஒப்பிட முடியாது. டப்பாவின் மேல் ஒரு தாளை ஒட்டி, ஒவ்வொரு தோலுரிப்பின் தேதியையும் அன்றைய நிறத்தையும் அவன் கையாலேயே எழுதட்டும். அந்த மூன்று சிவப்புக் குஞ்சுகளில் எது முதலில் வெளுத்தது என்பதை எனக்கு எழுதி அனுப்பச் சொல்லுங்கள். காத்திருப்பேன்.